பஸ் போச்சு, டி.வி.எஸ். போகலை

1972-ஆம் வருசம் மதுரையில் ஒரு கம்பெனி தான் பிறந்த தொழிலையே பறிகொடுத்தது. ஏதோ ஒரு கிளை, ஒரு ரூட் போனதில்லை. எந்தத் தொழிலை வச்சு ஊரே அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டதோ, அந்தத் தொழிலே போச்சு. அறுபது வருசமா ஓட்டின பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டு, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று புதுப் பேரு வச்சது.

பொதுவா இப்படி நடந்தா ஒரு குடும்பக் கம்பெனி என்ன ஆகும்? நஷ்ட ஈடு வாங்கிக்கிட்டு, நிலம் நீச்சைப் பார்த்துக்கிட்டு, "எங்க தாத்தா காலத்துல..." என்று கதை பேச ஆரம்பிச்சிருக்கும். டி.வி.எஸ். அப்படி ஆகலை. ஏன் ஆகலை என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். "தொழிலை வளர்ப்பது எப்படி" புத்தகங்கள் மேல எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பழங்காநத்தத்துல பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பிளாட்பாரக் கடையில புரட்டினது உண்டு. எல்லாத்துலயும் அமெரிக்காக்காரர் ஒருத்தர் கை கட்டி நின்னு சிரிப்பாரு. உள்ளே கனவு காணு, இலக்கு வை, படி ஏறுன்னு இருக்கும். நம்ம ஊர்லயே, அவனியாபுரத்துல இருந்து சைக்கிள் மிதிச்சா போயிடற தூரத்துல டி.வி.எஸ். நகர்னு ஒரு பகுதியே இருக்கு. அந்த மூணு எழுத்தோட கதையைப் படிச்சாலே பாதி விஷயம் புரிஞ்சிடும்.

முழுப் பேரை விடுங்க, டி.வி.சுந்தரம் அய்யங்கார். பிறந்தது 1877, திருநெல்வேலிப் பக்கம் திருக்குறுங்குடி. வக்கீல் தொழிலில் ஆரம்பிச்சு, ரயில்வேல வேலை பார்த்து, அப்புறம் பேங்க்ல இருந்தவர். முப்பத்தி நாலு, முப்பத்தஞ்சு வயசுல அதையெல்லாம் விட்டுட்டு வர்றார். கம்பெனி தன்னோட தொடக்க வருசமா சொல்றது 1911. பஸ் ஓட ஆரம்பிச்சது 1912.

1912-ல் பஸ் விடறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவுல ஃபோர்டு டி மாடல் கார் வந்தே நாலு வருசம்தான் ஆகுது. இங்கே ரோடு மாட்டு வண்டிக்காகப் போட்டது. வண்டி கப்பல்ல வரணும், ஸ்பேர் பார்ட்ஸ் கப்பல்ல வரணும், டயர் கப்பல்ல வரணும். ரிப்பேர் பார்க்க ஆள் கிடையாது, ஏன்னா அந்த ஊர்ல அந்தத் தொழிலே கிடையாது. இப்ப ஒருத்தர் பஸ் கம்பெனி ஆரம்பிச்சா வெளியே போய் வாங்கிக்கிற பத்து விஷயத்தை அப்ப தானே பார்த்துக்கணும்.

மதுரைப் பெரியவங்ககிட்ட டி.வி.எஸ். பஸ்னு சொன்னா ரெண்டு கதை சொல்லாம விட மாட்டாங்க. ஒண்ணு, பஸ் வர்ற நேரத்தைப் பார்த்து கடிகாரத்துல முள்ளைத் திருப்பி வைப்பாங்களாம். இன்னொண்ணு காந்தக் கதை. மாட்டு லாடத்துல இருந்து விழுற ஆணிதான் அந்தக் காலத்துல டயருக்கு எமன். அதனால காந்தம் கட்டின வண்டி ஒண்ணை ரோட்டுல ஓட்டி ஆணியெல்லாம் பொறுக்கிட்டு, பின்னாடி பஸ்ஸை விடுவாங்களாம். முதல் கதை எல்லா ஊர்லயும் ஏதாவது ஒரு பஸ்ஸுக்குச் சொல்றதுதான். எனக்குப் பிடிச்சது ரெண்டாவது. பஞ்சர் ஆனா ஒட்டிக்கலாம்னு இருக்கறவன் ஒரு வகை. ஆணி எங்கேருந்து வருதுன்னு பார்க்கறவன் இன்னொரு வகை.

இந்தக் குணம்தான் அந்தக் கம்பெனி வளர்ந்த விதத்துலயும் தெரியுது. வண்டி வாங்கணுமா? ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ஏஜென்சியே எடுத்துடு. (ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டுற தொழிற்சாலை போட்டிருந்தது.) ரிப்பேர் பார்க்க ஒர்க்‌ஷாப் வேணுமா? நம்ம பஸ்ஸுக்குப் போட்ட ஒர்க்‌ஷாப்ல அடுத்தவன் வண்டியையும் பார்த்துக்கொடு. ஸ்பேர் பார்ட்ஸ் வச்சுத்தான் ஆகணுமா? அதை ஊருக்கே வில்லு. டயர் தேயுதா? தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டுற ரீட்ரேடிங் ஃபேக்டரி போடு. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் இதெல்லாம் இப்படி வந்த பேருங்கதான்.

கவனிச்சுப் பாருங்க. எதுவுமே "அடுத்து எதுல லாபம் அதிகம்"னு வெளியே தேடிப் போனதில்லை. தன் டெப்போவுல எது தொல்லை கொடுத்துச்சோ அதுதான் அடுத்த தொழில். முதல் வாடிக்கையாளர் தானே. தனக்கு அந்தத் தொல்லை இருக்குன்னா, ரோட்டுல வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் இருக்கும். மார்க்கெட் சர்வே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரான்ஸ்ல மிஷலின் சகோதரர்கள் இதையே தலைகீழா செஞ்சாங்க. அவங்க டயர் கம்பெனி. 1900-ல் அந்த நாட்டுல மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவான கார்தான். கார் ஓடினாத்தானே டயர் தேயும்? அதனால எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம்னு ஒரு கையேடு போட்டு 35,000 பிரதி சும்மாவே கொடுத்தாங்க. டயர்ல இருந்து பயணத்துக்குப் போனது அவங்க. பயணத்துல இருந்து டயருக்கு வந்தது நம்ம ஆளு. ரெண்டுமே கைக்கு எட்டுற தூரத்துல இருந்த கிளையைத்தான் பிடிச்சுது.

இப்ப அடி விழுந்த கதைக்கு வர்றேன். 1972-க்கு முன்னாடியே ரெண்டு அடி விழுந்திருக்கு.

முதல் அடி இரண்டாம் உலகப் போர். பெட்ரோலுக்கு ரேஷன். பெட்ரோல் இல்லைன்னா பஸ் கம்பெனி என்ன பண்ணும், கோயில் தேரையா இழுக்கும்? அப்ப வந்ததுதான் கரி பஸ். வண்டிக்குப் பின்னாடி பெரிய டிரம் மாதிரி ஒரு அடுப்பு. அதுல மரக்கரியைப் போட்டு, காத்தைக் குறைச்சு விட்டு எரிக்கணும். முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை ஆற வச்சு, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள்ள விட்டா பெட்ரோலுக்குப் பதிலா அது எரியும். காலையில அடுப்பு மூட்டி வாயு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இழுவை குறைச்சல், மேட்டுல வண்டி திணறும். ஆனா ஓடும். உலகம் பூராவும் அந்தக் காலத்துல இப்படி ஓட்டினாங்க, இதை இவங்க கண்டுபிடிச்சதா யாரும் சொல்ல வேண்டாம். நம்ம கதைக்கு முக்கியம் வேற. டி.வி.எஸ். அந்தக் கரிவாயு அடுப்பைத் தானே வடிவமைச்சு, தானே செஞ்சுது. அதுக்கு "டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்"னே பேரு. மறுபடியும் அதே கதை. தன் தலைவலிக்கு மருந்து அரைச்சா அது விற்பனைக்கும் ஆகுது.

ரெண்டாவது அடி கொஞ்சம் நுணுக்கமானது. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்திய அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. வெளிநாட்டுப் பாகத்தைக் கொண்டுவந்து இங்கே வெறுமனே பூட்டுற கம்பெனிகள், இங்கேயே தயாரிக்கணும், இல்லைன்னா கிளம்பணும். 1953-ல் வந்த அந்தக் கொள்கையால 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டினாங்க. ஏஜென்சி எடுத்து வண்டி வித்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நாம வாங்கி விக்கிற பிராண்டே நாட்டை விட்டுப் போகுது.

அடுத்த வருசம், 1955-ல், பெரியவரும் காலமாகிட்டார். அஞ்சு பையன்கள். இந்த இடத்துலதான் பல குடும்பத் தொழில்கள் உடையும், நமக்குத் தெரியாததா என்ன!

ஆனா அதே 1954-ல் அவர் பையன் டி.எஸ்.சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸை ஆரம்பிச்சிருந்தார். செலுத்தப்பட்ட மூலதனம் ரெண்டு லட்சம் ரூபாய். லாரி, பஸ் வாங்கறவங்களுக்குத் தவணைக்கடன் கொடுக்கிற கம்பெனி. வண்டி விக்கிறவனுக்குத் தெரிஞ்ச பெரிய தொல்லை என்ன? வாங்க ஆள் இருக்கும், கையில பணம் இருக்காது. லாரி டிரைவருக்கு பேங்க் அப்ப கதவு திறக்காது. யார் தவணையை ஒழுங்கா கட்டுவான், எந்த வண்டி எத்தனை வருசம் உழைக்கும், பறிமுதல் பண்ணினா என்ன விலைக்குப் போகும்னு வண்டித் தொழில்லயே நாற்பது வருசம் ஊறின குடும்பத்துக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த பேங்க் மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அப்புறம் 1960-கள். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1960-ல் வீல்ஸ் இந்தியா. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, அதே வருசம் சுந்தரம் கிளேட்டன். அந்தப் பத்து வருசத்துக்குள்ளேயே சுந்தரம் ஃபாஸனர்ஸ். சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக், ஏர் பிரேக், போல்ட் நட்டு. இந்தப் பட்டியலை ஒரு பஸ் டெப்போ ஸ்டோர் கீப்பர்கிட்ட காட்டுங்க. "இது எங்க ஸ்டாக் ரிஜிஸ்டர்ல"ன்னு சொல்லுவார். அம்பது வருசமா எதை வாங்கி வாங்கி மாட்டினாங்களோ, அதையே செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. வாங்கறவனா இருந்தப்ப எது சீக்கிரம் உடையும், எந்தச் சரக்கு தரம்னு கையால தொட்டுப் பழகின ஞானம் வேற.

இப்ப மறுபடியும் 1972-க்கு வாங்க. தமிழக அரசு பெரிய பஸ் முதலாளிகளோட வண்டிகளை எடுக்க 1971-ல் சட்டம் கொண்டுவந்தது. டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ஆச்சு. பஸ் போச்சு. ஆனா பாண்டியன் பஸ்ஸுக்கும் சக்கரம் வேணும்ல? பிரேக் வேணும், ஸ்டார்ட்டர் வேணும், போல்ட் வேணும். நாட்டுல அதைத் தரமா செய்யற கம்பெனிகள் விரல் விட்டு எண்ணுற அளவுதான், அதுல இவங்களும் இருந்தாங்க. அடிமரத்தை வெட்டியாச்சு, ஆனா அதுக்குள்ள விழுது எல்லாம் தனியா வேர் விட்டிருச்சு. எட்டு வருசம் கழிச்சு 1980-ல் ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்துச்சு. ரெண்டு பேர் உக்காரலாம், நாலு மூட்டை காய்கறி கட்டலாம், ஆட்டுக்குட்டியைக் கூட முன்னாடி நிறுத்திக்கலாம். பஸ் போகாத ஊருக்கெல்லாம் அது போச்சு.

பொள்ளாச்சியில இதே 1972-ல் ஆனைமலைஸ் பஸ் கம்பெனிக்கும் இதுதான் நடந்தது. அவங்க பஸ்கள் சேரன் போக்குவரத்துக் கழகம் ஆச்சு. அந்தக் குடும்பம் 1961-லயே சக்தி சர்க்கரை ஆலை ஆரம்பிச்சிருந்தது. பஸ்ஸுக்கும் கரும்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, நேரடியா ஒண்ணும் இல்லை. ஆனா தாங்கிக்கிட்டாங்க. அதனால பக்கத்துக் கிளையைத்தான் பிடிக்கணும்னு நான் சட்டம் போட வரலை. சம்பந்தமில்லாத தொழிலும் நிக்கும், அதுக்கு இடுப்புல வலு வேணும், அவ்வளவுதான்.

இந்தக் கதையை நான் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க மச்சான். அக்கா வீட்டுக்காரர். ரெண்டு குட்டியானை வச்சிருக்கார். வலையங்குளம், பெருங்குடி பக்கம் இருந்து பூவும் காயும் மாட்டுத்தாவணிக்கு அடிப்பார், மத்தியானத்துக்கு மேல செங்கல், சிமெண்டு, வீடு மாத்துற சாமான், கிடைச்சது. போன மாசம் வந்து, "மாப்ள, இன்னும் நாலு வண்டி எடுக்கப் போறேன். ஃபைனான்ஸ்காரன் அலையுறான், கையெழுத்துதான் பாக்கி. ஜாமீன் கையெழுத்து நீ போடணும்"னார். அக்கா உள்ள இருந்து ஒண்ணும் பேசலை. அந்தப் பேசாமை எனக்குப் புரிஞ்சது. ரெண்டு வண்டி ட்யூவுக்கே நகை ரெண்டு தடவை அடகுக்குப் போய் வந்துருக்கு.

நான் இந்த டி.வி.எஸ். கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு மச்சான் சிரிச்சார்.

"அவுக அய்யருமாருக மாப்ள. இங்கிலீஷு தெரியும், வக்கீலு, பேங்குல வேற இருந்தாரு. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு லெட்டர் போட்டா பதில் வரும். நான் போட்டா வருமா?"

நியாயமான கேள்வி. இதைத் தாண்டிப் போறது நேர்மை இல்லை. படிப்பு, சாதி, அந்தக் காலத்து வசதி எல்லாம் அவங்களுக்குச் சாதகமா இருந்துச்சு. 1960-கள்ல தொழிற்சாலை போட டெல்லியில லைசென்ஸ் வாங்கணும், வெளிநாட்டுக் கம்பெனியோட ஒப்பந்தம் போடணும். அது பூ மூட்டை ஏத்துற ஆளுக்குக் கிடைக்கிற கதவு இல்லை. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துக்கு அப்புறம் பஸ் ஓட்டவே பெர்மிட் வேணும்னு ஆச்சு. ஏற்கெனவே உள்ளே இருந்தவங்களுக்கு அது ஒரு வேலி, வெளியே நின்னவங்களுக்கு அது ஒரு சுவர். இதை எல்லாம் சொல்லாம "உழைச்சாரு, உயர்ந்தாரு"னு எழுதறது பாடப் புத்தக வேலை.

ஆனா மச்சான்கிட்ட நான் கேட்டது வேற. நாலு வண்டி வாங்கினா என்ன வளரும்? லோடு வளருமா, ட்யூ வளருமா? இந்த ரெண்டு வண்டியும் போன மூணு மாசத்துல எத்தனை நாள் சும்மா நின்னுச்சு?

அவருக்குத் தெரியலை. எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தது! காலண்டர்ல வண்டி நின்ன நாளுக்கெல்லாம் சின்னதா ஒரு புள்ளி வச்சிருந்தாங்க. உக்காந்து எண்ணினோம். ரெண்டு வண்டியும் சேர்ந்து 23 நாள். அதுல லோடு இல்லாம நின்னது ஆறு நாள்தான். எஃப்.சி. காட்ட மூணு நாள். மீதி 14 நாளும் ரிப்பேர். அதுலயும் நிஜமா வேலை நடந்த நேரம் கொஞ்சம்தான். மத்ததெல்லாம் மெக்கானிக் கை ஒழியட்டும், பார்ட்ஸ் வரட்டும்னு காத்துக்கிடந்தது. டீசல் போக ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் நிக்கும்னு மச்சான் கணக்கு. ரிப்பேர் நாள் மட்டும் 16,800 ரூபாய்.

ரெண்டு வண்டிக்கே இப்படின்னா ஆறு வண்டிக்கு? மச்சான் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம் அவரே சொன்னார், எங்க தெருவுலயும் அடுத்த ரெண்டு தெருவுலயும் மட்டும் பதினஞ்சு குட்டியானை நிக்குது, எல்லாப் பயலும் அதே மெக்கானிக் வாசல்லதான் கிடக்கான்னு. நான் வாயைத் திறக்கலை.

மதுரையிலேயே இன்னொரு உதாரணமும் இருக்கு, அது லாபத்துக்காக ஆரம்பிச்சதுகூட இல்லை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். புரை ஆபரேஷனுக்குக் கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும், விலை நூறு டாலருக்கு மேல. ஏழை நோயாளிக்கு எப்படி வைக்கிறது? 1992-ல் ஆரோலேப்னு தாங்களே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சாங்க. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கிச்சு. தங்களுக்காகச் செஞ்ச லென்ஸ் இன்னிக்கு நூறு நாட்டுக்கு மேல போகுது. ஆஸ்பத்திரியோட தொல்லை ஆஸ்பத்திரிக்கே வருமானம் ஆன கதை. இதுக்குத் தனிப்பதிவே போடலாம், இன்னொரு நாள் பார்ப்போம்.

இப்போதைக்கு நாலு வண்டி ஒரு வண்டியா குறைஞ்சிருக்கு, அதுவும் தை பொறந்தப்புறம்தானாம். ஜாமீன் பேச்சு நின்னுருச்சு. ஜெய்ஹிந்துபுரத்துல வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் பையனோட மச்சான் ராத்திரியில உக்காந்து பேசிக்கிட்டு இருக்கார். பைபாஸ் பக்கம் ஒரு தகரக் கொட்டகை வாடகைக்கு வருதாம். பதினஞ்சு வண்டிக்காரன்ல எட்டு பேர் வர்றேன்னு வாய் வார்த்தையா சொல்லியிருக்கான், அதுல நாலு பேராவது நிஜமா வருவான்னு அக்கா கணிப்பு. காலண்டர்ல இப்ப புள்ளிக்குப் பக்கத்துலயே என்ன ரிப்பேர்னும் ஒரு வார்த்தை எழுதறாங்க. கிளட்ச் பிளேட்டுதான் அடிக்கடி வருது.

இன்னிக்குக் காலையில மச்சான் போன் பண்ணி, பழைய ஏர் கம்ப்ரஸர் ஒண்ணு 18,000 சொல்றான், எடுக்கலாமான்னு கேட்டார். மோட்டார் ரீவைண்டிங் பண்ணினதாம், டேங்க்ல துரு இல்லையாம். எனக்கு அந்த வேலை தெரியாது. தெரிஞ்சவங்க யாராவது இருந்தா என்ன பார்த்து வாங்கணும்னு சொல்லுங்க, சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.